சிங்கிள் ஸ்டேஜ் செட்டர்: பல்லடம் வட்டாரத்தில் பல வருட ஓட்டத்தில் தெரிந்தவை

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் பிராய்லர் ஹேச்சரி (கறிக்கோழிக் குஞ்சு பொரிப்பகம்) புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, சிங்கிள் ஸ்டேஜ் செட்டர், அதாவது ஒரே நாளில் ஏற்றிய முட்டையை மட்டும் 18ஆம் நாள்வரை அடைகாக்கும் மிஷின் போட்டால் பொரிப்பு எத்தனை சதவீதம் கூடும் என்பதுதான். பெரிய தாவல் வராது, ஒன்றிரண்டு புள்ளி கூடினாலே நல்ல கணக்கு. போட்ட காசு குஞ்சின் தரத்தில்தான் திரும்பி வருகிறது. தொப்புள் சுத்தமாக மூடியிருக்கும், முதல் வாரச் சாவு குறையும், ஷெட்டில் இறக்கிய குஞ்சு உடனே தீவனத்துக்கு ஓடும். தன் குஞ்சை ஒப்பந்தப் பண்ணைகளில் இறக்கி வளர்ப்பவருக்கு இது நேரடி லாபம். குஞ்சைப் பெட்டிக் கணக்கில் வெளியே விற்றுவிடும் ஹேச்சரிக்கு அந்த லாபத்தில் பாதிகூடக் கைக்கு வராது. வாங்கும் முன் தெளிவாக வேண்டியது இந்த இடம்தான்.

மல்டி ஸ்டேஜ் செட்டரில் வாரத்துக்கு இரண்டு முறை புது முட்டை ஏறும். ஒரே மிஷினுக்குள் ஒரு நாள் முட்டையும் பதினேழு நாள் முட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வளர்ந்த கரு விடும் சூட்டில் இளம் முட்டை சூடு பிடிக்கும். கரண்டு செலவு குறைவு, ஏற்பாடும் எளிது. ஆனால் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்று ஒரே நிலையில்தான் மிஷினை வைக்க முடியும். இளங்கருவுக்கு அது கொஞ்சம் குறைவு, முற்றிய கருவுக்குக் கூடுதல். சிங்கிள் ஸ்டேஜில் மிஷின் முழுக்க ஒரே வயது முட்டை என்பதால் 100.4 அளவில் தொடங்கி, 18ஆம் நாளுக்குள் 98.5 பக்கம் படிப்படியாக இறக்கலாம். முதல் சில நாட்கள் டேம்பரை (காற்றுத் துவாரத்தின் மூடியை) முழுவதும் மூடி, முட்டையிலிருந்து வரும் ஈரத்தையே உள்ளே நிறுத்தி, பிறகு திறந்து ஈரத்தைக் குறைக்கலாம்.

திரையில் தெரியும் காற்றின் சூட்டை நம்பி ஓட்டினால் இந்த வசதி வீண். பார்க்க வேண்டியது முட்டை ஓட்டின் சூடு. காதில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரே போதும். முட்டையின் நடு வயிற்றில் வைத்துப் பார்க்க வேண்டும், காற்றறை இருக்கும் பருத்த முனையில் வைத்தால் குறைத்துக் காட்டும். கூமுட்டையில் வைத்தாலும் அப்படித்தான், உயிருள்ள கருவைப் பார்த்து எடுங்கள். மேல் ட்ரே, நடு ட்ரே, கீழ் ட்ரே, விசிறிக்கு அருகில், தூரத்தில் என்று இடம் மாற்றி அளந்தால் 100 முதல் 100.5 வரை நிற்க வேண்டும். 16, 17ஆம் நாளில் 102ஐத் தாண்டினால் அந்தக் குஞ்சுகளைப் பெட்டியில் பார்த்தே சொல்லிவிடலாம்: வெளிறிய நிறம், சிவந்த முழங்கால், தொப்புளில் கறுப்புப் பொட்டு, வயிற்றில் உறிஞ்சப்படாத மஞ்சள் கரு. இதயமும் சிறுத்துப்போகும். அந்த பேட்ச்தான் பின்னால் வயிற்றில் நீர் கோத்துச் சாகும்.

சூடு கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் சில்லர், அதாவது மிஷினுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் கருவி. 18ஆம் நாளில் ஒரு கரு ஏறத்தாழ 0.14 வாட் வெப்பம் விடுகிறது. 57,600 முட்டை பிடிக்கும் மிஷினில் அது 8 கிலோவாட். ஒரு மிஷினுக்கே 2 டன்னுக்கு மேல் குளிர்ச்சி தேவை. ஒன்பது, பத்தாம் நாள்வரை ஹீட்டர் வேலை செய்யும், அதன் பிறகு மிஷின் முழுக்கக் குளிர்ச்சியை நம்பித்தான் ஓடுகிறது. பைப்பில் தண்ணீர் 10 முதல் 12 டிகிரி செல்சியஸில் வந்துகொண்டே இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சில்லரின் கூலிங் டவர் திணறினால் கடைசி வரிசை மிஷின்களில் முதலில் சூடு ஏறும். மிஷின் விலையில் பேரம் பேசி மிச்சம் பிடித்து, ஸ்டாண்ட்பை சில்லர் இல்லாமல் கட்டுவது தவறான சிக்கனம். ஜெனரேட்டரும் இரண்டு வேண்டும். கரண்டு போய் விசிறி நின்றால் முற்றிய முட்டை உள்ள மிஷினின் கதவைத்தான் உடனே திறந்துவிட வேண்டும், இளம் முட்டை உள்ளதை மூடியே வைக்க வேண்டும். பதற்றத்தில் ஆட்கள் எல்லாக் கதவையும் திறந்துவிடுவார்கள். ஒவ்வொரு கதவிலும் செட் போட்ட (முட்டை ஏற்றிய) தேதியைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்த தலைவலி தண்ணீர். கொங்குப் பகுதி போர் தண்ணீர் உப்பு. ஈரம் தெளிக்கும் நாசில் வாரக்கணக்கில் அடைத்துக்கொள்ளும், குளிர் தண்ணீர் ஓடும் காயிலில் வெள்ளைப் படிவம் ஏறும், குளிர்ச்சி இறங்கும். ஆர்.ஓ. தண்ணீர் இல்லாமல் சிங்கிள் ஸ்டேஜ் ஓட்ட வேண்டாம். நாசில் பாதி அடைத்தால் துளி பெரிதாகி முட்டைமேல் சொட்டும். ஈரமான ஓட்டின் வழியே கிருமி உள்ளே போய், சில நாளில் முட்டை வெடிக்கும். ஒன்று வெடித்தால் சுற்றியுள்ள ட்ரே எல்லாம் கெடும்.

சுத்தத்தில்தான் சிங்கிள் ஸ்டேஜுக்கு நாங்கள் முழு மதிப்பெண் போடுவோம். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் மிஷின் காலியாகிறது. கழுவி, மருந்தடித்து, காயவிட்டு அடுத்ததை ஏற்றலாம். மல்டி ஸ்டேஜ் காலியாவதே இல்லை. கிருமி கொல்ல ஃபார்மலின் புகை போடும் விஷயத்திலும் இதே வித்தியாசம். அடை ஏறி 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம்வரை உள்ள கருவுக்குப் புகை ஆகாது, செத்துப்போகும். மல்டி ஸ்டேஜில் எப்போதும் அந்த வயது முட்டை ஏதாவது ஒரு ரேக்கில் இருக்கும். முட்டைக்குப் புகை போடுவதானால் ஏற்றுவதற்கு முன், தனி அறையில், 100 கன அடிக்கு 60 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், 120 மில்லி ஃபார்மலின், 20 நிமிடம். பாத்திரத்தில் பெர்மாங்கனேட் முதலில், அதன்மேல் ஃபார்மலின். மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். ஃபார்மால்டிஹைட் புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்பதால் ஹைட்ரஜன் பெராக்சைடு பக்கம் மாறுவது நல்லது. வேலை செய்பவர்கள் தினமும் சுவாசிக்கிற காற்று அது.

முன்பெல்லாம் தொப்புள் கெட்ட குஞ்சை ஆன்டிபயாடிக் ஊசியால் முதல் வாரம் தாண்டவைத்துவிடுவார்கள். 2019 ஜூலையில் கால்நடைகளுக்கான கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை மத்திய அரசு தடை செய்த பிறகு பண்ணையிலும் அந்த மாதிரிக் கைத்தாங்கல் குறைந்துகொண்டே வருகிறது. ஹேச்சரியின் குறையை மருந்தால் மறைக்கும் காலம் போய்க்கொண்டிருக்கிறது. போகட்டும், நல்லதுதான்.

மிஷினைவிட முக்கியம் முட்டையைப் பிரிப்பது. 28 வாரத் தாய்க்கோழியின் முட்டை சிறியது, ஓடு தடிமன், ஈரம் மெதுவாக இழக்கும். 58 வாரக் கோழியின் முட்டை பெரியது, ஓடு மெல்லியது, ஈரம் வேகமாகப் போகும், சூடும் அதிகம் விடும். இரண்டையும் ஒரே மிஷினில் கலந்துவிட்டு ஒரே புரொஃபைலில் (நாள்வாரிச் சூடு, ஈரத் திட்டத்தில்) ஓட்டினால், மல்டி ஸ்டேஜில் இருந்த அதே சிக்கலை அதிக விலை கொடுத்து வாங்கியதாகும். நான்கைந்து சிறு பிரீடர் (தாய்க்கோழி) பண்ணைகளிலிருந்து முட்டை திரட்டும் ஹேச்சரிக்கு ஒரே வயதுத் தாய்க்கோழிகளின் முட்டை 57,600 கிடைப்பது கடினம். அவர்கள் சிறிய கொள்ளளவு மிஷின்களாக எண்ணிக்கையில் கூட்டி வாங்குவதே சரி. சேமித்த நாளும் கணக்கில் வர வேண்டும். ஏழு நாளுக்கு மேல் வைத்தால் ஒவ்வொரு நாளும் பொரிப்பு இறங்கும், பொரிக்கும் நேரமும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் நீளும். பழைய முட்டையை முன்கூட்டியே ஏற்றினால்தான் எல்லாம் ஒன்றாகப் பொரிக்கும். குளிர் அறையிலிருந்து எடுத்ததை அப்படியே ஈரமான அறைக்குள் தள்ளினால் ஓடு வியர்க்கும். 25 டிகிரி செல்சியஸ் பக்கம், காற்றோட்டத்தில் ஆறு மணி நேரமாவது வைத்து ஏற்றுங்கள். ட்ரேயில் கூர்முனை மேலாக நிற்கும் முட்டைகளையும் அங்கேயே திருப்பி வைத்துவிடலாம்.

ஓட்டம் சரியா என்று சொல்ல இரண்டு எடை போதும். செட் போடும்போது 150 முட்டை ட்ரேயில் முட்டை மட்டும் 9,000 கிராம் என்றால், 18ஆம் நாளில் 1,080 கிராம் குறைந்திருக்க வேண்டும், அதாவது 12 சதவீதம். 11 முதல் 13 வரை பரவாயில்லை. குறைவாக இழந்தால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஓட்டைக் கொத்தாமலே உள்ளே சாகும். இரண்டாவது, குஞ்சின் எடை: முட்டை எடையில் 67, 68 சதவீதம். 60 கிராம் முட்டைக்கு 40.5 கிராம் குஞ்சு. 65க்குக் கீழே போனால் ஹேச்சரில் (18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையை மாற்றிப் பொரிக்கவிடும் மிஷினில்) அதிக நேரம் கிடந்து வற்றியிருக்கிறது. 70க்கு மேல் என்றால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள், குஞ்சு மந்தமாக இருக்கும். நூற்றுக்கு ஐந்து குஞ்சுக்குக் கழுத்தில் இன்னும் ஈரம் இருக்கும்போது எடுப்பதே நேரம். பலர் ஒன்றுகூட ஈரமில்லாமல் காயட்டும் என்று காத்திருந்து நல்ல குஞ்சை வற்றவிடுகிறார்கள்.

முட்டை ஏற்றும் திட்டத்திலும் சிங்கிள் ஸ்டேஜ் கை கொடுக்கிறது. இன்று ஏற்றும் முட்டை 21 நாள் பொரிப்பு, 40 நாள் வளர்ப்பு சேர்த்து ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துக் கறியாகிறது. புரட்டாசி முதல் வாரம் விற்க வேண்டிய கோழிக்கான முட்டை ஆடி தொடக்கத்திலேயே செட்டருக்குள் போய்விடும். புரட்டாசி விரதம், கார்த்திகையில் ஐயப்ப மாலை என்று தேவை சரியும் வாரங்களைப் பின்னோக்கி எண்ணி, செட்டிங்கை வெட்டி, முட்டையைச் சாப்பாட்டு முட்டையாகத் தள்ளுவது வழக்கம். மல்டி ஸ்டேஜில் ஒரு லோடு விட்டாலே சூட்டின் சமநிலை கெட்டு, அடுத்த இரண்டு வாரப் பொரிப்பும் ஆடும். சிங்கிள் ஸ்டேஜில் ஒரு மிஷினை அணைத்து வைத்தால் போதும், மற்றவை பாட்டுக்கு ஓடும். பாதி நிரப்பி ஓட்டுவது மட்டும் கூடாது. காலி இடத்தின் வழியாகக் காற்று ஓடி, நிரம்பிய பக்கம் சூடேறும்.

18ஆம் நாளில் முட்டைக்குள்ளேயே தடுப்பூசி போடும் மிஷின் அமெரிக்காவில் 1990களிலிருந்து ஓடுகிறது. இங்கே பெரிய அளவில் முட்டை ஏற்றுபவர்களுக்கே கட்டுப்படியாகும். ஊசித்துளை வழியாகப் பூஞ்சை நுழையும் என்பதால் ஹேச்சர் அறை சுத்தமாக இல்லாத இடத்தில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கொட்டேஷன் வாங்கும்போது உதிரி பாகங்களைத் தனியாக எழுதி வாங்குங்கள். திருப்பும் மோட்டார், ஈரம் அளக்கும் சென்சார், கார்பன் டை ஆக்ஸைடு சென்சார், கன்ட்ரோல் போர்டு இவை கையிருப்பில் ஒரு செட் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து போர்டு வந்து சேரும்வரை முட்டை காத்திருக்காது. சென்சார்களை ஒவ்வொரு பேட்ச் இடைவெளியிலும் நம்பகமான தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும். அரை டிகிரி விலகல் திரையில் தெரியாது, பெட்டியில் தெரியும்.