சமையல் மேடைக்கு மேல் சுவிட்ச் போர்டு: எங்கள் வீட்டு வயரிங் வேலை பற்றிய மதிப்பீடு

பெருந்துறையில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு சிறு குழு வந்து வயரிங் செய்து கொடுத்தது. மற்ற அறைகளில் அவர்கள் செய்த வேலை எல்லோரும் செய்வது போன்றதுதான். சமையலறையில் மேடைக்கு மேலே பிளக் பாயிண்டுகளையும் சுவிட்சுகளையும் அமைத்த விதம் மட்டும் தனியாக எழுதத் தக்கது. பெட்டிகள் அனைத்தும் இன்று ஒரே கோட்டில் பிசகாமல் நிற்கின்றன என்றால், அதற்கான காரியம் பூச்சு வேலைக்கு முன்பே, செங்கல் சுவரில் அளவெடுத்த நாளிலேயே முடிந்துவிட்டது.

அளக்க வந்தவர் டேப்பை எடுக்கும் முன் கேட்ட முதல் கேள்வி, “ஏனுங்க அக்கா, கிரைண்டரு எந்தப் பக்கமுங்க சாயும்?” என்பது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் இல்லாத சமையலறை இந்தப் பக்கத்தில் அரிது. ஆனாலும் அது சாயும் திசையை விசாரித்துவிட்டு பாயிண்ட் வைப்பவர்களை நான் பார்த்ததில்லை. மாவு வழிக்கும்போது கல் சாய்கிற பக்கத்திலேயே சுவிட்ச் இருந்தால், மாவுக் கையோடு அதன் மேல் குனிந்துதான் நிறுத்த வேண்டியிருக்கும். மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் என ஒவ்வொன்றுக்கும் இடம் கேட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதிய பிறகே பெட்டிகளின் இடம் முடிவாயிற்று.

உயரத்தை அவர்கள் கணக்கிட்ட முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அப்போது தரையில் டைல்ஸ் இல்லை, மேடைக் கல்லும் வரவில்லை. வெறும் தரையிலிருந்து அளந்தால், பின்னால் தரை உயரும்போது எல்லா அளவும் கெட்டுவிடும். ஆகவே, தரை வேலை முடிந்த பின் அமையப்போகும் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் லேசர் கருவியை வைத்துச் சுவர் முழுவதும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதை வைத்தே எல்லாவற்றையும் அளந்தார்கள். மேடை 33 அங்குலம். அதன் மேல் வரும் சுவர் டைல்ஸ் ஒரு வரிசைக்கு 12 அங்குல உயரம். சுவிட்ச் பிளேட் முதல் வரிசை டைல்ஸுக்குள்ளேயே முழுமையாக அடங்க வேண்டும், இரண்டு வரிசைகள் சேரும் இணைப்புக் கோட்டை வெட்டக் கூடாது என்பது அவர்கள் வைத்த விதி. அதன்படி பிளேட்டின் மேல்விளிம்பு இணைப்புக் கோட்டுக்கு அரை அங்குலம் கீழேயும், அடிவிளிம்பு மேடையிலிருந்து 8 அங்குலம் மேலேயும் வருமாறு குறித்தார்கள். நம் வீடுகளில் மேடையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். 8 அங்குல இடைவெளி இருப்பதால் கழுவும் தண்ணீர் பிளக் துளைகள்வரை தெறிப்பதில்லை. மேல் அலமாரிக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருந்தால் ஒயர்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். இப்போது மிக்ஸியின் ஒயர் அதன் பின்னாலேயே அடங்கிவிடுகிறது.

அடுப்புக்கு நேர் பின்னால் ஒரு பாயிண்ட்டும் வைக்கவில்லை. சிங்க் தொட்டியிலிருந்து 2 அடி தள்ளியே முதல் பெட்டி தொடங்குகிறது. சிம்னிக்கான பிளக் மேலே மறைந்திருக்க, அதன் சுவிட்ச் மட்டும் கீழ் வரிசையில் கைக்கெட்டும் இடத்தில் உள்ளது, ஃபிரிட்ஜுக்கும் அவ்வாறே.

எந்தச் சாதனத்துக்கு எந்த பிளக் என்பதிலும் தெளிவாக இருந்தார்கள். 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் ஏறத்தாழ மூன்றேகால் ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு 6 ஆம்பியர் பிளக் போதும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்பது ஆம்பியரை நெருங்குகிறது; அதற்கும் மைக்ரோவேவுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பிளக் கொடுத்து, வீடு முழுவதற்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்தே தனி ஒயர் இழுத்தார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பிளக்கிலும் டெஸ்டரை விட்டு, வலப்பக்கத் துளையில் மட்டும் விளக்கு எரிவதை என் கண்முன்னே காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. இரும்புப் பெட்டியைச் செங்கல்லில் பதிக்கும்போது, பூச்சின் கனமும் டைல்ஸின் கனமும் சேர்ந்த அளவுக்கு அதை வெளியே நீட்டி வைக்க வேண்டும். ஜன்னல் ஓரத்துப் பெட்டியில் அந்தக் கணக்கு தவறி, அது சில மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. நீளமான திருகு போட்டுச் சரிசெய்தார்கள் என்றாலும், இறுக்கிய பக்கம் பிளேட் இலேசாக வளைந்திருப்பது பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரிகிறது. இத்தனை கவனமாக அளந்தவர்கள் அந்த ஒரு பெட்டியைப் பெயர்த்து மறுபடி பதித்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய குறை, ஈரக் கையோடு புழங்கும் சமையலறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தேவை என்பதை அவர்களாகச் சொல்லாமல், நான் கேட்ட பின்னரே செலவு மதிப்பீட்டில் சேர்த்தது. மின்கசிவு ஏற்பட்டால் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் அந்தக் கருவிதான் ஆளைக் காப்பாற்றுவது. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் விழும் எம்சிபி சுவிட்ச் பெரும்பாலும் ஒயரைக் காப்பதற்கானது. பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டிய பொருளைக் கேட்டு வாங்கும் நிலை இருக்கக் கூடாது.

கூலி பாயிண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. 16 ஆம்பியர் பாயிண்டுக்குத் தனி விலை. பெட்டியும் பிளேட்டும் நம் செலவு. டைல்ஸ் கொத்தனார் துளை வெட்டும் நாளில் இவர்களில் ஒருவர் கூடவே இருந்ததற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. துளை பெரிதாகி வெள்ளை சிமெண்ட் பூசி மறைக்கும் வேலை எங்கும் நேராமல் போனதற்கு அவர் அங்கே நின்றதே காரணம்.

பூச்சு பூசும் முன், பைப் போகும் வழியை டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். பின்னர் அலமாரிக்குச் சுவரில் துளை போட வந்த தச்சருக்கு அந்தப் படத்தைத்தான் காட்டினேன்.

ஏற்கெனவே டைல்ஸ் ஒட்டிய சமையலறைக்கு இவர்களை அழைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பைப் பதிக்க டைல்ஸ் மேல் காடி வெட்ட இவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. மேல் அலமாரியின் அடிப்பகுதியை ஒட்டி வெளியே பைப் ஓட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். அது வேண்டாம் என்றால், சமையலறைச் சுவருக்கு மறுபுறம் உள்ள அறையிலிருந்து துளையிட்டுக் கொண்டுவர முடியுமா என்று நேரில் வந்து பார்த்த பிறகே விலை சொல்வார்கள்.