“முழு மானியம்” என்று சொல்லி 18,500 ரூபாய்: சொட்டுநீர் போடப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன்னால் படிக்கவும்

18,500 ரூபாய். ரசீது இல்லை, பில் இல்லை. வாங்கிய கடைக்காரர்கள் இன்று காலையும் போன் எடுக்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. உரம், பைப், மோட்டார் எல்லாம் விற்றுக்கொண்டே ஒரு சொட்டுநீர்க் கம்பெனிக்கு ஏஜென்சியும் எடுத்திருக்கும் கடை. அந்த மாதிரிக் கடை எல்லா தாலுகாவிலும் இருக்கிறது.

முதலில் திட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு. 100 சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குத்தான், அதாவது இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு செலவு என்று வைத்திருக்கும் கணக்குக்கு. பயிர் இடைவெளியைப் பொறுத்து அந்தத் தொகை மாறும். அதற்கு மேல் போனால் விவசாயி பங்கு, அது கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். பணம் விவசாயி கைக்கு வராது, நேராகக் கம்பெனிக்குப் போகும். “வேலை முடிந்தது, திருப்தி” என்று நீங்கள் போடும் கையெழுத்தை வைத்துத்தான் அது விடுவிக்கப்படும். அந்தக் கையெழுத்தைப் போட்ட பிறகு உங்களிடம் பிடி எதுவும் இல்லை.

நம்பியது எங்கே என்று கேட்பீர்கள். காகிதத்தில்தான். சிட்டா தாத்தா பெயரில், கூட்டுப் பட்டா. அடங்கல், புலப்படம், வட்டாட்சியர் தரும் சிறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், மண் நீர் பரிசோதனை முடிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். அந்த நேரத்தில் கடைக்காரப் பையன், “அண்ணே, நீங்க அலையாதீங்க, வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இருந்து எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றான். பார்த்தும் கொடுத்தான். சொன்ன வாரத்திலேயே சான்று வந்தது, மானிய விண்ணப்பத்தின் பதிவு எண்ணைப் போனில் காட்டினான். அது உண்மையான எண்தான். அந்த உண்மையைக் காட்டித்தான் மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்ட வைத்தான்.

அந்த விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண் மட்டும் கடையின் எண். பணி ஆணை வந்த குறுஞ்செய்தி, ஆய்வுக்கு அலுவலர் வரும் தகவல் எல்லாம் அவர்களுக்கே போயின.

18,500 எப்படி வந்தது? ஜி.எஸ்.டி. 9,000, குழி எடுக்க 6,000, “பைல் செலவு” 3,500. சிறு, குறு விவசாயிக்கு அந்த வரியையும் அரசே ஏற்கிறது. பைல் செலவு என்று திட்டத்தில் ஒரு தலைப்பே கிடையாது. சிறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய், அவ்வளவுதான். குழி வேலைக்கும் ஆள் வரவில்லை, வீட்டாரே வெட்டினோம். “மானியம் ரிலீஸ் ஆனதும் திருப்பித் தந்துடுவோம்ணே” என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

இனி பொருளில் நடந்தது. இது 18,500-ஐ விடப் பெரிது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பக்கவாட்டுக் குழாய் (பயிர் வரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாய்) 4 அடிக்கு ஒன்று போட்டால் 10,890 அடி வேண்டும், ஏறக்குறைய 3,320 மீட்டர். 5 அடிக்கு ஒன்று என்றால் 8,712 அடி, 2,655 மீட்டர். கொட்டேஷனில் 4 அடி. தோட்டத்தில் இழுத்தது 5 அடி. ஏக்கருக்கு 660 மீட்டருக்கு மேல் குழாய் காணோம்! மிளகாய் நடவு 4 அடிப் பாத்தி என்பதால் பாதி வரிசைக்கு ஈரம் எட்டவில்லை. பார்வைக்கு நிறையக் கருப்புக் குழாய் கிடக்கும், யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை.

அடுத்தது வடிகட்டி. திறந்த கிணற்றுத் தண்ணீரில் பாசி வரும், அதற்கு மணல் வடிகட்டியும் பின்னால் திரை வடிகட்டியும் வேண்டும். இரண்டுமே கொட்டேஷனில் இருந்தன. கூட்டு ஆய்வன்று புகைப்படம் எடுக்கும்போது மணல் வடிகட்டி நின்றது. இரண்டு நாள் கழித்து “லீக் இருக்கு, மாத்திக் கொண்டாறோம்” என்று கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை. வெறும் திரை வடிகட்டியில் ஓட்டி ஒரே மாதத்தில் கடைமடைச் சொட்டுவான்கள் (குழாயில் தண்ணீர் சொட்டும் சிறு வாய்கள்) அடைத்துவிட்டன. ஆசிட் விட்டுக் கழுவச் சொல்கிறார்கள். பாசிக்கு ஆசிட் என்ன செய்யும்? அது உப்புப் படிவுக்கு. பாசிக்குக் குளோரின் விட வேண்டும்.

கேட்டதற்குக் கிடைத்த பதில்கள்: “ஸ்டாக் வரலண்ணே.” “கம்பெனி சர்வீஸ் ஆள் திங்கக்கிழமை வருவாரு.” “பில்லா? அது கம்பெனிக்குப் போயிடுச்சு.” கடைசியாக, “யார்கிட்ட குடுத்தீங்களோ அவர்கிட்டயே கேளுங்க.” வாங்கிய பையன் இப்போது அங்கே வேலையில் இல்லையாம். தோட்டக்கலை அலுவலகத்தில், “திருப்தின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்று தாளைத் திருப்பிக் காட்டினார்கள். அந்தத் தாளில் கையெழுத்து வாங்கியது குழாய் இறங்கும் முன்பு, விண்ணப்பத்தோடு சேர்த்து, தேதி போடாமல். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க ஏழு வருஷம் ஆக வேண்டும். 18,500 போனது ஒரு பக்கம், இந்த ஏழு வருஷத்தை யார் தருவார்?

செய்ய வேண்டியதை விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

விண்ணப்பத்தில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுங்கள். உழவன் செயலியிலோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு நேரில் போயோ நீங்களே விண்ணப்பிக்கலாம். கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதும் உங்கள் உரிமை.

தேதியில்லாத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ஓ.டி.பி.யும் அதே மாதிரிதான்.

கொட்டேஷன் நகலை வாங்கி, குழாயை அளந்து, சொட்டுவான் உள்ள குழாயில் ஐ.எஸ். 13488 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 4 லிட்டர் சொட்டுவானுக்குக் கீழே டம்ளர் வைத்தால் 3 நிமிடத்தில் 200 மில்லி விழ வேண்டும். தலைமடையிலும் கடைமடையிலும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் கையெழுத்து இல்லை.

பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பெனிக் கணக்குக்கு மட்டும், ரசீதோடு.

மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதியாகிறது. கொட்டேஷன் நகல், அளந்த கணக்கு, வடிகட்டி நின்ற இடத்தின் படம் இணைத்திருக்கிறேன். 18,500-க்கு இணைக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.