மண்டபம் பிடிக்கும் முன் தொட்டில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள்

மச்சினன் கல்யாணம் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. மாப்பிள்ளையின் அக்கா என்பதால் இரண்டாவது, மூன்றாவது முடிச்சு போட வேண்டியவள் என் மனைவி. அதனால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே பிள்ளை முழுக்க என் பொறுப்பு.

எங்களுக்குக் கொடுத்த அறை தரைத்தளத்தில், கூடத்துக்குப் பின்பக்கம் இருந்தது. கூரையில் ஒரு இரும்புக் கொக்கி. பழைய பருத்திச் சேலையை அதில் கட்டித் தொட்டில் போட்டோம். கதவைச் சாத்தினால் நாகஸ்வரச் சத்தம் அடங்கித்தான் கேட்கும். ஆட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். ஏசி, கட்டில், மெத்தை எல்லாம் இருந்தும் பிள்ளை உருண்டு விழுந்துவிடுமோ என்று தலையணையை அண்டக் கொடுத்துவிட்டுக் காவல் உட்கார்ந்த மண்டபங்கள் உண்டு. இந்தக் கொக்கியை மாட்டிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

சிக்கல் கூடத்தில்தான். முன்வரிசை நாற்காலியை ஒட்டி ஆள் உயர ஸ்பீக்கர். தவில் சத்தம் கடைசி வரிசைவரை தானாகவே கேட்கும், அதற்கும் மைக் வைத்திருந்தார்கள். கெட்டிமேளம் முழங்கியதும் பிள்ளை என் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். மேடையில் அம்மா குனிந்து முடிச்சுப் போடுவதைப் பார்த்ததும் அங்கே போக வேண்டும் என்று ஒரே அழுகை. எப்படி இறக்கிவிடுவது? மேடைப் படிக்குக் கைப்பிடி கிடையாது, மேலே ஓமகுண்டம், பக்கத்திலேயே குத்துவிளக்கு. வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டயபர் மாற்றப் பெண்கள் கழிப்பறையில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். தகப்பன் எங்கே போவான்? ஒவ்வொரு தடவையும் அறைக்கு ஓட வேண்டியிருந்தது. மூன்று மாதக் குழந்தையோடு வந்திருந்த சொந்தக்காரப் பெண் தூணுக்குப் பின்னால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். தமிழ்நாட்டுப் பஸ் ஸ்டாண்டுகளிலேயே 2015-இல் தாய்மார் பாலூட்டும் அறை கொண்டுவந்துவிட்டார்கள். லட்சக்கணக்கில் வாடகை வாங்கும் இடத்தில் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை ஒதுக்கக் கூடாதா?

சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். மறுநாள் மதியம் பெண்வீட்டார் அங்கேயே மாப்பிள்ளைச் சொதி போட்டார்கள். எங்கள் ஊர்ச் சொதிக்குத் தேங்காய்ப்பால்தான் உயிர். தண்ணிப்பாலில் காயையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, கடைசியில் முதல் பாலை விட்டு, கொதிக்கும் முன் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவார்கள். காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும்தான், வற்றல் கிடையாது. கல்யாணப் பந்தியில் சின்னப் பிள்ளை வாய்க்கு இதைவிட இதமான குழம்பை நான் பார்த்ததில்லை. மடியில் பிள்ளையைப் பார்த்த தவசுப்பிள்ளை, அதாவது சமையல்காரர், “தம்பி, இருங்க. குழைஞ்ச சோறு தனியா எடுத்து வச்சிருக்கேன். மிளகாய் விழாம மேலாக் கோரித் தாரேன்” என்று தானே கொண்டுவந்து வைத்தார். பிள்ளை கேரட்டைப் பொறுக்கித் தின்றாள், அப்புறம் உருளைக்கிழங்கு, அப்புறம் இலையோரத்தைக் கிழித்து ஒரு கடி. இஞ்சிப் பச்சடியை நாங்கள் பார்த்துக்கொண்டோம், தேங்காய்ப்பால் செரிக்க அது வேண்டும்.

குழந்தை வைத்திருப்பவர்களைச் சுவரோர மேசையில் உட்கார வைத்ததும் நல்ல யோசனை. அடுத்த பந்திக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யாரும் முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லை. பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட அதுவும் ஒரு காரணம்.

என் தங்கை கல்யாணத்துக்கும் இதே மண்டபத்துக்குத்தான் முன்பணம் கொடுத்திருக்கிறோம். ஸ்பீக்கரைத் தூணுக்கு அந்தப்பக்கம் தள்ளி வைப்பதாக ரசீதிலேயே எழுதி வாங்கியாயிற்று. மேடைப் படிக்குக் கைப்பிடி போட்டுத் தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். பாலூட்டும் அறைக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.