மூளைப் பயிற்சி என்று சொல்லி 92,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த மையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கடைசியாக ஒரு வரி வந்தது. "கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது." அவ்வளவுதான். மூன்று வாரமாக நான் அனுப்பிய அத்தனைக்கும் அதுதான் பதில். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடியும்போது எழுந்து இதை எழுதுகிறேன். வேறு எந்த வீட்டுக்கும் இது நடக்கக் கூடாது. இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் முன் என்னென்ன கேட்க வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மையத்தின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். எந்த மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். கோயம்புத்தூரில் நல்ல கூட்டமுள்ள ரோட்டில், மாடியில், ஏசி போட்ட மூளைப் பயிற்சி மையம். நியூரோஃபீட்பேக் என்பார்கள். பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை, பிள்ளைகளின் கவனக்குறைவு என எல்லாவற்றுக்கும் மாத்திரை இல்லாத தீர்வு என்று கைப்பேசியில் விளம்பரம் வரும்.

என் தம்பிக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டு பையர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ராத்திரித் தூக்கமே போய்விட்டது. போன வருடம் பஸ்ஸில் வரும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, அவிநாசியிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டான். இசிஜி எடுத்தோம், இதயத்தில் ஒன்றுமில்லை. ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவர் பார்த்து, இது பதற்ற நோய், குணமாகும் என்று மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் பாதிக்குப் பாதி தேறினான். ஆனால் ஈரோடு மாவட்டத்தில் கோபி பக்கத்து கிராமம் எங்களுடையது. "மண்டைக்கு மாத்திரை சாப்பிடறானாமா, பொண்ணு யாரு குடுப்பாங்க" என்று சொந்தக்காரர்களே அம்மா காதில் போட்டுவிட்டார்கள். அம்மா அழுது அழுது, "மாத்திரை இல்லாம ஏதாச்சும் வழி பாரு கண்ணு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். விளம்பரத்தைப் பார்த்து போன் செய்தது நான்தான்.

முதல் நாள் மூன்று பேரும் போனோம். தம்பியின் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, ஓட்டை ஓட்டையாகப் பசை வைத்து இருபது நிமிடம் பதிவு எடுத்தார்கள். இதற்குப் பிரெய்ன் மேப் என்று பெயர், 8,500 ரூபாய். அப்புறம் உள் அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய டிவி. அதில் என் தம்பியின் மூளை, மேலிருந்து பார்க்கிற மாதிரி வட்ட வட்டமாக, பச்சை, மஞ்சள், நீலம். இரண்டு பக்கமும் காதுக்கு மேலே கருஞ்சிவப்பு. வெள்ளைக் கோட்டு போட்டவர் அந்தச் சிவப்பைக் காட்டி, "இங்கதாம்மா உங்க பையன் கஷ்டப்படறாரு" என்றார்.

அம்மா எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார்கள். "இப்படியா சாமி இருந்துது உனக்கு" என்று தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் உடனே, "அம்மா, இனிமே இவர யாரும் சோம்பேறின்னோ பயந்தாங்கொள்ளின்னோ சொல்லக் கூடாது. இது அவரு தப்பே இல்ல. மூளையோட அலை மாறியிருக்கு, நாம சரி பண்ணீரலாம்" என்றார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு வருடமாக அவன் யாரிடமாவது கேட்க ஏங்கிய வார்த்தை அது. வீட்டில் நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் மூன்று பேரும் அவரை நம்பிவிட்டோம். அவர் டாக்டரா, என்ன படித்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றவே இல்லை. எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த நிமிடத்துக்கு அடுத்த நிமிடமே விலைப் பட்டியல் வந்தது. 40 செஷன், வழக்கமாக 1,40,000 ரூபாய், சனிக்கிழமைக்குள் கட்டினால் 84,000. அங்கேயே 10,000 கட்டினோம். அம்மா தன் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து 60,000 கொடுத்தார்கள். மிச்சம் 14,000 என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நான் வைத்திருந்தது. மேப்போடு சேர்த்து மொத்தம் 92,500 ரூபாய். ஒரு படிவத்தில் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பொடி எழுத்து. படிக்க நேரம் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

செஷன் என்றால் என்ன தெரியுமா? தலையில் இரண்டு இடத்திலும் காதிலும் ஒயர் ஒட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு கார் ஓடும். மூளை நல்ல அலையைக் கொடுத்தால் கார் வேகமாகப் போகும், இல்லாவிட்டால் மெதுவாகும், மூளை அதைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்ளும் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள். கோபியிலிருந்து கோவை காந்திபுரத்துக்குப் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். வெள்ளைக் கோட்டுக்காரரை முதல் நாளோடு சரி, அப்புறம் பார்க்கவே முடியவில்லை. ஒயர் ஒட்டுகிற பெண் பிள்ளைகள்கூட மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒன்பதாவது செஷனில் காதில் ஒட்டிய ஒயர் கழன்று தம்பியின் தோளில் தொங்கியிருக்கிறது. கார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் கூப்பிட்டுக் காட்டியதற்கு, "பரவால்லைங்ண்ணா, அது ஒண்ணும் ஆகாது" என்று திரும்ப ஒட்டிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து அவன் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பணத்தைவிட என்னை எரிய வைப்பது இதுதான். பத்தாவது செஷன் முடிந்ததும், "மாத்திரை சாப்பிட்டா மூளை பழகாதுங்க, விட்டுப் பாருங்களேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எழுத்தில் இல்லை, வாய்வார்த்தையாக. தம்பி அன்றோடு நிறுத்திவிட்டான், எங்களிடம் சொல்லவில்லை. நாலைந்து நாளில் தலைசுற்றல், குமட்டல், மண்டைக்குள் சுரீர் சுரீரென்று ஷாக் அடிப்பது போல ஒரு உணர்வு. அப்படியும் செஷனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், மூளை மாறுகிற அறிகுறி" என்றார்களாம். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தான். அம்மா போன் செய்து, "வா கண்ணு, எனக்குப் பயமா இருக்குது" என்றபோது அந்தக் குரலே வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் ஈரோட்டு டாக்டரிடமே திரும்பப் போனோம். திட்டுவார் என்று பயந்தோம், திட்டவில்லை. மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்காமல் திடீரென்று நிறுத்தினால் இப்படியெல்லாம் வரும் என்றார். மறுபடி ஆரம்பித்தார். பிரெய்ன் மேப் தாளை நீட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "காதுக்கு மேல மெல்லுற சதை இருக்குதுங்க. பல்லைக் கடிச்சா அந்தச் சதையோட மின்சாரமும் இதுல பதியும். மூளை அலையைவிட அது பெரிசு. கண் சிமிட்டினாலும் பதியும். தூக்கம் கெட்டிருந்தாலும், மாத்திரை சாப்பிட்டாலும் அலை மாறும். ஒரு படத்தை வெச்சு இன்ன மனநோய்ன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அன்றைக்குத் தொப்பியை மாட்டியபோது தம்பி பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். மூளையின் மின் அலை பொய் இல்லை. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-இலேயே மனித மூளையின் அலையைப் பதிவு செய்தார். வலிப்பு நோய்க்கு டாக்டர்கள் எடுக்கச் சொல்லும் இஇஜி அதுதான். மையத்தின் கையேட்டில் ராக்கெட் ஆராய்ச்சியில் பிறந்த முறை என்று போட்டிருந்தார்கள். அதன் விவரம் இது: அமெரிக்காவில் பேரி ஸ்டெர்மன் என்பவர் 1960-களில் பூனைகளுக்கு ஒரு குறிப்பிட்ட அலையை வரவழைக்கப் பழக்கினார். அப்படிப் பழகிய பூனைகள் ராக்கெட் எரிபொருளால் வருகிற வலிப்பைக் கூடுதலாகத் தாங்கின. பூனைக்கு, வலிப்புக்குப் பார்த்த விஷயம். அதைக் காட்டி என் தம்பியின் படபடப்புக்கு 92,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்கு இது நல்லது என்று சொல்கிறார்களே, அதையும் பார்த்தேன். அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரை உள்ள 144 பிள்ளைகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்கு உண்மையான பயிற்சி. இன்னொரு பகுதிக்கு வெளியில் பார்த்தால் அதே மாதிரி, ஆனால் திரையை ஓட்டியது ஏற்கெனவே பதிவு செய்து வைத்த வேறு மூளை அலை. யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. 38 செஷன். முடிவில் இரண்டு பக்கமும் தேறியிருக்கிறார்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூக்கமின்மைக்கு ஆஸ்திரியாவில் 2017-இல் வெளியான ஆய்விலும் உண்மைப் பயிற்சியும் போலிப் பயிற்சியும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. அந்த இடத்தைப் படித்தபோது, ஒயர் கழன்று தொங்கியும் ஓடிய அந்தக் கார்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆராய்ச்சி நடக்கட்டும், பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர் மேற்பார்வையில் செய்யட்டும். அதை நான் குறை சொல்லவில்லை. சனிக்கிழமைக்குள் கட்டினால் சலுகை என்று விற்கிற வைத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

பணத்தைக் கேட்க ஆரம்பித்ததும் என்ன நடந்தது என்று கேளுங்கள். முதல் வாரம், "மேனேஜர் லீவுங்க, திங்கக்கெழமை கூப்பிடுவாரு." திங்கட்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அப்புறம், "அக்கவுண்ட்ஸ் எல்லாம் சென்னை ஆபீஸ்லதாங்க." சென்னை எண்ணில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "சார் மீட்டிங்ல இருக்காருங்க்கா" என்றாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் வேறொரு குடும்பத்துக்கு டிவியைக் காட்டிக்கொண்டிருந்தார். அதே சிவப்பு. அந்த அம்மாவும் என் அம்மா மாதிரியே எழுந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்ச் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். தைரியம் வரவில்லை. அதை நினைத்து இன்னும் வருந்துகிறேன்.

கடைசியில் மேனேஜர் என்று ஒருவர் போனில் வந்தார். 40 செஷனில் 14 தானே வந்தீர்கள், பாதியில் விட்டால் எப்படிப் பலன் தெரியும் என்று எங்கள் மேலேயே திருப்பினார். மாத்திரையை நிறுத்தச் சொன்னீர்களே என்றேன். "நாங்க அப்படிச் சொல்லவே மாட்டோம் மேடம், படிவத்துல பாருங்க" என்றார். பாக்கி 26 செஷனுக்காவது பணம் கொடுங்கள் என்றதற்கு, "வேணும்னா அத உங்கம்மாவோட ஞாபக சக்திக்கு மாத்தித் தர்றோம்" என்றார். என் அம்மாவுக்கு ஞாபக சக்தி நன்றாகவே இருக்கிறது. சீட்டில் தள்ளிய தொகைவரை ஒவ்வொரு ரூபாயும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

விவரமாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்ய இன்று காலையிலேயே கிளம்ப வேண்டும், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மாத்திரை கொடுத்த டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், யார் சொன்னாலும். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், ஒவ்வொரு செஷனுக்கும் அன்றன்றைக்குக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுகிறதா என்று தெரியும். வெள்ளைக் கோட்டைப் பார்க்காதீர்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவப் பதிவு எண், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண், அதைக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் பயமாக இருந்தால் 14416, டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். எங்களுக்கு இது முன்பே தெரியாமல் போய்விட்டது. ஏமாந்துவிட்டால் 1915, நுகர்வோர் உதவி எண். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. ரசீது, வாட்ஸ்அப், எதையும் அழிக்காதீர்கள்.

தம்பி இப்போது பரவாயில்லை, தூங்குகிறான். ஆனால் அந்த மேப் தாளைக் கிழிக்க விடமாட்டேன் என்கிறான். "அக்கா, அந்தச் செவப்பு இன்னும் உள்ள இருக்குமா?" என்று முந்தாநாள்கூடக் கேட்டான்.

92,500 ரூபாய். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் இதே மாதிரி மூளைப் பயிற்சி மையத்தில் கட்டி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், கையில் ரசீது இருந்தால், எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்து போவோம்.