ஹெல்மெட் கேமரா: உச்சியில் வைப்பதா, பக்கத்தில் வைப்பதா?

ஸ்கைடைவிங் ஹெல்மெட்டில் கேமரா வைக்க நினைப்பவர்கள் எடுத்ததும் கேட்பது "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் பார்க்க வேண்டியது பாராசூட்டின் லைன். மேலே விரியும் துணியான கேனபியையும் உங்கள் தோளில் இருக்கும் ரைசர் பட்டையையும் இணைக்கும் அந்தக் கயிறு, இன்றைய விளையாட்டுப் பாராசூட்டுகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். இரண்டு கிரெடிட் கார்டுகளைச் சேர்த்து நுழைக்கிற அளவு சந்து கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இருந்தால், லைனும் அதில் நுழையும்.

நுழைந்தால் என்ன ஆகும்? மெயின் பாராசூட் சரியாகத் திறக்காமல் சுழல்கிறது என்று வையுங்கள். மெயினைக் கழற்றிவிடும் கட்அவே கைப்பிடியை இழுத்ததும் ரைசர்கள் தோளைவிட்டு முகத்தை ஒட்டியே மேலே பாயும். அவற்றில் ஒரு லைன் கேமராவில் சிக்கினால் மெயின் முழுக்க விலகாது, கழுத்தோடு தொங்கும். அதற்குள் மாற்றுப் பாராசூட்டான ரிசர்வும் வெளியே வந்து அதோடு பின்னிக்கொள்ளலாம். இங்கே ஒப்பிடும் ஒவ்வொன்றையும் "லைன் எங்கே மாட்டும்?" என்ற கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம். படத்தின் அழகு அதற்கு அடுத்துதான்.

எப்போது தொடங்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமராவோடு குதிக்கக் குறைந்தது 200 ஜம்ப், அதிலும் அதே பாராசூட்டில் அண்மையில் 50 ஜம்ப் முடித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. சின்ன கேமராதானே, தெரியவா போகிறது என்று 60-வது ஜம்ப்பிலேயே மாட்டிக்கொள்வது தவறு. கேமரா சின்னதாக இருந்தாலும் அது பறிக்கும் கவனம் சின்னதல்ல.

உச்சி, பக்கம், நெற்றி

உச்சியில் வைப்பதே பலருடைய தேர்வு. பார்வைக்கு நேராகப் படம் வரும். எடை கழுத்தெலும்புக்கு மேலேயே இருப்பதால் தலை ஒரு பக்கம் இழுக்கப்படாது. குறை என்னவென்றால், உடம்பிலேயே உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் அதுதான். லைன்கள் விரியும்போது தலை திரும்பியிருந்தால் முதலில் உரசுவது கேமராவாகத்தான் இருக்கும். கோப்ரோ பெட்டியோடு வரும் வழக்கமான மவுன்ட்டை உச்சியில் ஒட்டுவதை நாங்கள் எந்த நிலையிலும் ஏற்கமாட்டோம். மூன்று விரல் போன்ற பிளாஸ்டிக் மடிப்பு, அதன் பக்கத்தில் துருத்தும் திருகு, அடியில் காலியிடம் என்று மூன்றுமே கொக்கிகள். ஹெல்மெட் செய்பவர்களே தரும் தட்டையான மவுன்ட், கேமராவின் அடிப்பாகம் ஹெல்மெட்டின் மேற்பரப்பைத் தொடுகிற மாதிரி உட்காரும். முன்பக்கம் சரிவாக வைத்த மவுன்ட் என்றால் இன்னும் நல்லது.

பக்கவாட்டில் வைத்தால் உயரம் குறைகிறது, லைன் மேலிருந்து வந்து மாட்டும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் கவிழ்ந்து விழும்போது காற்று ஒரு பக்கக் கேமராவை மட்டும் தள்ளும். பாராசூட் திறக்கிற நொடியில் அந்த எடை தலையை அதே பக்கம் திருப்பும். 80 கிராமுக்குள் இருக்கிற கேமராவுக்குச் சரி. 150 கிராமுக்கு மேல் போனால் கழுத்துக்குச் சரியில்லை.

நெற்றியிலோ தாடையிலோ வைப்பது முழுமுக ஹெல்மெட்காரர்களுக்குப் பிடித்த இடம். தாடைக்கு முன்னால் இருப்பதால் படம் கண்ணோட்டத்துக்கு மிக நெருக்கமாக வரும். ஆனால் ரைசர் முகத்தை ஒட்டிப் போகிற பாதை அதுதான். கட்அவே கைப்பிடியைக் குனிந்து பார்க்கும்போது மார்பை மறைப்பதும் அதுவே. கைப்பிடியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கவேண்டிய நேரத்தில் நடுவே ஒரு பெட்டி நிற்பதை ஏற்க முடியாது. தாடை வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

பைக் ஓட்டுபவர்கள் கேமரா விழாமலிருக்க ஒரு சின்ன நூல் வளையத்தால் கட்டுவார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். லைனுக்காகவே முடிந்து வைத்த சுருக்கு போல ஆகிவிடும்.

இரண்டு சோதனைகள்

மவுன்ட் எதுவானாலும் பறப்பதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள்.

முதலாவது, ஹெல்மெட்டை மேசையில் வைத்து ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். பாராசூட்டைப் பராமரிக்கும் ரிக்கரிடம் பழைய லைன் துண்டு ஒரு மீட்டர் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு மில்லிமீட்டர் நைலான் கயிறு. இரு முனையையும் கையில் பிடித்து ஹெல்மெட்மேல் உரசி இழுங்கள்: முன்னிருந்து பின், பின்னிருந்து முன், இடம் வலம், பிறகு கீழிருந்து மேல். கடைசித் திசைதான் முக்கியம், பலர் அதை விட்டுவிடுவார்கள். கயிறு எங்கே நின்றாலும் அங்கே ஒரு குற்றம் இருக்கிறது. சந்து என்றால் எபாக்ஸி பசையால் நிரப்பித் தேய்த்துச் சரிவாக்குங்கள். திருகு, விளிம்பு என்றால் துணி டேப் சுற்றுங்கள், ஓரம் முழுதும் ஒட்டியபடி. லென்ஸ் விளிம்பைக்கூட விடவேண்டாம். பிறகு மறுபடி எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஹெல்மெட்டை அணிந்து, கையுறை போட்டு, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் கேமராவைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கட்டும். அந்த இழுப்பில் ஒரே கையால் தாடைப்பட்டையை விடுவித்து ஹெல்மெட்டைக் கழற்ற முடிகிறதா? இழுப்பு இல்லாமல் சுலபமாகத் திறக்கும் கொக்கி, இழுப்பில் இறுகிவிடும். இரண்டு கையாலும் தனித்தனியே பழகுங்கள். எந்தக் கை காலியாக இருக்கும் என்று அங்கே தெரியாது.

முழுமுக ஹெல்மெட்டும் திறந்த கேமரா ஹெல்மெட்டும்

குழுவாகக் குதிக்கிறவருக்கு முழுமுக ஹெல்மெட் வசதி. மணிக்கு 190 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்காது, அடுத்தவரின் முழங்கால் பட்டாலும் பல் தப்பும். ஆஸ்திரேலியாவின் குக்கி, இத்தாலியின் டோன்ஃப்ளை போன்ற நிறுவனங்களின் ஹெல்மெட் ஓடுகள் இந்த வகையில் பரவலாகப் புழங்குகின்றன. ஆனால் ஆபத்தில் ஹெல்மெட்டையே சட்டென்று கழற்றிவிடும் கட்அவே வசதி எல்லா மாடலிலும் வருவதில்லை. கேமரா மாட்டுவதானால் அது இல்லாத ஓடு வேண்டாம். கண்ணாடி மூச்சில் மங்குவதும் உண்டு.

பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிக்கும் டாண்டம் பயணிகளைப் படம்பிடிப்பவர்கள் திறந்த முக ஹெல்மெட்டையே எடுப்பார்கள். புகைப்பட கேமராவின் ஷட்டரைப் பல்லால் கடித்தோ நாக்கால் அழுத்தியோ இயக்குவார்கள், அதற்கு வாய் திறந்திருக்க வேண்டும். தாடைக்கிண்ணம் இறுக்கமாகப் பிடிக்கும். ஒரு நாடாவை இழுத்தால் முழு ஹெல்மெட்டும் தலையைவிட்டுப் போகும். கனமான கேமராவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. அளவு பார்க்கும்போது தலையைப் பலமாக ஆட்டுங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் நகர வேண்டும். தோல் நிற்க, ஓடு மட்டும் நகர்ந்தால் ஒரு அளவு குறைவாக எடுங்கள்.

காதருகே வைக்கும் ஒலி ஆல்டிமீட்டர் ஹெல்மெட்டோடு போய்விடும் என்பதை மறக்காதீர்கள். ஹெல்மெட்டைக் கட்அவே செய்த பிறகு உயரம் சொல்ல மணிக்கட்டு ஆல்டிமீட்டர்தான் மிஞ்சும். இரண்டும் வேண்டும். ஒலி எச்சரிக்கையை, குழு பிரியும் உயரம் 5000 அடி, திறக்கும் உயரம் 3500, கடைசி எச்சரிக்கை 2500 என்று வைப்பது குழு ஜம்ப்புக்கு நடைமுறையில் ஒத்துவரும்.

எடையில் கேமராக்கள்

கோப்ரோ ஹீரோ 13: 159 கிராம். இன்ஸ்டா360 கோ 3எஸ்: 39 கிராம். இன்ஸ்டா360 எக்ஸ்4: 203 கிராம். சோனி ஏ6400, பேட்டரியோடு 403 கிராம். அதில் 16 மி.மீ. தட்டை லென்ஸ் 67 கிராம்.

திறப்பு மிதமாக இருந்து நான்கு மடங்கு எடை விழுந்தால் ஹீரோ 13 ஏறக்குறைய 640 கிராமாகக் கனக்கும். சோனியும் லென்ஸும் கோப்ரோவும் சேர்ந்தால் 629 கிராம்; அது நான்கு மடங்கில் இரண்டரை கிலோ. பத்து மடங்கு வரும் முரட்டுத் திறப்பில் ஆறு கிலோவுக்கு மேல். இதில் ஹெல்மெட்டின் எடையைச் சேர்க்கவில்லை.

கோ 3எஸ் எடையில் மிகவும் கவர்ச்சியானது. காந்தத்தால் ஒட்டிக்கொள்வதை நம்பி மட்டும் மாட்டாதீர்கள், திறப்பின் உலுக்கலுக்குக் காந்தம் போதாது. சுற்றிலும் பிடிக்கிற சட்டம் வேண்டும். எக்ஸ்4 போல எல்லாத் திசையையும் பதியும் 360 கேமராவைச் சின்னக் குச்சியில் உச்சியில் நிறுத்தினால் ஜம்ப் முடிந்த பிறகு எந்தக் கோணத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குச்சிதான் இங்கே பார்த்தவற்றிலேயே மோசமான கொக்கி. எங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதல் நூறு கேமரா ஜம்ப்புக்குத் தட்டை மவுன்ட்டில் ஒரே கோப்ரோ போதும். புகைப்பட கேமரா டாண்டம் வேலைக்கு வருகிறவருக்கு. அதற்கு 300 குழு ஜம்ப்பும் 50 கேமரா ஜம்ப்பும் இருக்கட்டும் என்பது அதே சங்கத்தின் பரிந்துரை.

ஒட்டுவதும் கோணமும்

ஒட்டும் திண்டு கழன்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், விரல் படாமல் ஒட்டுங்கள், முப்பது வினாடி அழுத்துங்கள், 24 மணி நேரம் விடுங்கள். காலையில் ஒட்டி மதியம் குதிக்காதீர்கள். வளைந்த ஓட்டில் தட்டைத் திண்டு ஓரங்களில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சந்தைப் பற்றி மேலே சொல்லியாயிற்று.

கோணத்தை நின்றபடி சரிசெய்தால் படத்தில் வானம்தான் அதிகம் வரும். கவிழ்ந்து விழும்போது கழுத்து பின்னால் வளைந்திருக்கும், கண் கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்க்கும். ஆகவே ஒரு பெஞ்சில் குப்புறப் படுத்து, மார்பைத் தூக்கி வளைந்து, மூன்று மீட்டர் தூரத்துச் சுவரில் கண்மட்டத்தில் ஒட்டிய டேப் குறியைப் பாருங்கள். போனில் தெரியும் படத்தின் நடுவில் அந்தக் குறி விழும்வரை சாய்வை மாற்றுங்கள். கிடைத்ததும் மவுன்ட்டில் கோடு கிழித்து அடையாளம் வையுங்கள்.

4கே தரம், வினாடிக்கு 60 ஃபிரேம் போதும். 100 மெகாபிட் வேகத்தில் ஒரு நிமிடம் சுமார் 750 எம்பி, பத்து நிமிடம் ஏழரை ஜிபி. 64 ஜிபி கார்டில் எட்டு ஜம்ப். தானாக அணையும் வசதி, வைஃபை, குரல் கட்டளை மூன்றையும் நிறுத்துங்கள். விமானம் ஏறும் பதினைந்து இருபது நிமிடமும் ஓடவிட்டால் காற்றில்லாத உட்புறத்தில் கேமரா சூடாகி அணையலாம். கதவு திறக்க இரண்டு நிமிடம் முன்பு போதும். 4000 மீட்டரில் தரையைவிட சுமார் 26 டிகிரி குளிர். பழைய பேட்டரி அங்கே சட்டென்று விழும்.

கேமராவுக்கு ஏற்ற கேனபி

காற்று நிரம்பும் அறைகள் ஏழு உள்ள கேனபியா, ஒன்பது உள்ளதா? கேமராக்காரருக்கு ஏழு அறை. பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் ஸ்பெக்டர் போன்றவை மெல்லத் திறக்கும், திசை மாறாமல் திறக்கும். சேபர் 3 போன்ற ஒன்பது அறையில் மிதப்பும் தரையிறங்கும் வேகக் கட்டுப்பாடும் நன்றாக இருக்கும். அதைப் பழகியவர் மாற்றத் தேவையில்லை. கூர்மையான நீள்வட்டக் கேனபி வேண்டாம். சின்னக் கோணலுக்கே வேகமாகச் சுழல்வது அதன் குணம், சுழற்சியில்தான் லைன் முகத்தருகே வரும்.

75 கிலோ ஆள், 12 கிலோ சாமான்: 87 கிலோ, அதாவது 192 பவுண்டு. 190 சதுர அடிக் கேனபியில் சதுர அடிக்கு விழும் பாரம் 1.0 பவுண்டு, 170-இல் 1.13, 150-இல் 1.28. கேமராவைத் தொடங்கும் அதே மாதத்தில் 170-இலிருந்து 150-க்கு இறங்குவது இரண்டு புதுமைகளை ஒன்றாகச் சுமப்பது.

முரட்டுத் திறப்புக்குப் பாதி காரணம் மடிப்பில் இருக்கும். லைன்கள் வழியே இறங்கித் திறப்பை மெதுவாக்கும் துணியான ஸ்லைடரை, நான்கு நிறுத்தங்களையும் தொடும்வரை மேலே தள்ளுங்கள். லைனைப் பிடித்துவைக்கும் ரப்பர் பேண்ட் தளர்ந்தால் உடனே மாற்றுங்கள்; லைன் ஒரேயடியாகக் கொட்டினால் கேனபி பையைவிட்டு முன்கூட்டியே வரும், கழுத்து அதை வாங்கும்.

கட்அவே செய்ததும் ரிசர்வைத் தானே இழுக்கும் ஆர்எஸ்எல் நாடா, கேமராக்காரர்கள் நடுவில் ஓயாத விவாதம். லைன் சிக்கியிருக்கும்போது ரிசர்வ் உடனே வரக்கூடாது என்று கழற்றிவிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தாழ்வான உயரத்தில் கட்அவே செய்து ரிசர்வை இழுக்க நேரமில்லாமல் போவதும் உண்மையான ஆபத்து. மேலே சொன்ன கயிற்றுச் சோதனையில் ஹெல்மெட் தேறியிருந்தால் நாடாவை வைத்திருங்கள். பில் பூத்தின் ஸ்கைஹுக் போல, விலகும் மெயினே ரிசர்வை இழுத்தெடுக்கும் அமைப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

தாழ்வான உயரத்தில் ரிசர்வைத் தானே திறக்கும் தானியங்கித் திறப்பானில் சைப்ரஸ், விஜில் இரண்டும் நம்பகமானவை. நிபுணர் நிலையில் சைப்ரஸ் 750 அடியிலும் விஜில் 840 அடியிலும் வேலை செய்யும். இன்றைய சைப்ரஸின் ஆயுள் 15.5 ஆண்டு, விஜிலுக்கு 20. பழையது வாங்கினால் தயாரிப்புத் தேதியைப் பார்த்து விலை பேசுங்கள்.

கதவுக்கு முன்

1988-இல் வட கரோலினாவில், 800-க்கும் மேல் குதித்த ஒரு வீடியோக்காரர் பாராசூட்டே அணியாமல் விமானத்தைவிட்டு இறங்கினார். மற்றவர்களைப் படம்பிடிப்பதிலேயே மனம் இருந்தது. அவருக்கு அனுபவம் குறைவில்லை.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். விமானம் ஏறுமுன் மார்புப்பட்டை, இரண்டு தொடைப்பட்டை, ரைசரைப் பிடித்திருக்கும் மூன்று வளையங்கள், தானியங்கியின் திரை, மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் கைப்பிடி. கேமரா உடையின் இறக்கையைக் கையோடு முழுதும் நீட்டி, பைலட் சூட்டைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். மேலே 10000 அடியில் இதையே கையால் தொட்டு மறுமுறை. பிறகு தாடைக்கிண்ணம், கட்அவே நாடா வெளியே தெரிகிறதா என்ற பார்வை. இத்தனையும் முடிந்த பிறகு ரெக்கார்டு பொத்தான். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். எரியவில்லையென்றால் ஒருமுறை அழுத்துங்கள். அதற்கும் எரியாவிட்டால் படமில்லாமல் குதியுங்கள்.