கேம்புக்கு வாங்கிய பிபி மெஷின்: மெஷின் சரி, பட்டைதான் பிரச்சினை

ஊர் ஊராகப் போய் பிரஷர், சுகர் பார்த்து, உப்பைக் குறைங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க என்று பேசிவிட்டு வரும் சின்னக் குழு எங்களுடையது, புதுக்கோட்டைப் பக்கம். அதற்காக 1,900 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் பிபி மெஷினை எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறோம். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலையில் மேல்கையில் கட்டுகிற மெஷின்கள் பெரும்பாலும் இதே ஜாதகம்தான்.

நான்கு பேட்டரி போட்டால் போதும், கரண்ட் இல்லாத சாவடியிலும் 100 நாள் வேலை நடக்கிற கண்மாய்க் கரையிலும் ஓடுகிறது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கப் பழக வேண்டியதில்லை என்பதால் குழுவில் எல்லோருக்கும் அரை நாளில் கை வந்துவிட்டது. எண் பெரிதாகத் தெரிவது எனக்கு ரொம்பப் பிடித்தது. "146ஆ? போன மாசம் 160 இருந்துச்சே" என்று ஒரு அக்கா தானே சொன்னால், அது நாங்கள் மைக் பிடித்து அரை மணி நேரம் பேசுவதைவிட நன்றாக வேலை செய்கிறது.

குறை கையில் சுற்றிக் கட்டுகிற பட்டையில் இருக்கிறது. கூட வருவது ஒரே அளவு, 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு. நாற்று நட்டு, களை எடுத்து வற்றிப்போன நம் ஊர் அப்பத்தாக்களின் கை 20கூட வராது. கைக்குப் பட்டை பெரிதாக இருந்தால் பிரஷரைக் குறைத்துக் காட்டும், சிறிதாக இருந்தால் கூட்டிக் காட்டும். அப்படி ஒரு அப்பத்தாவை 134 என்று சொல்லி நிம்மதியாக அனுப்பிவிட்டோம், அடுத்த வாரம் சின்னப் பட்டையில் பார்த்தால் 148. அன்றிலிருந்து மேல்கையின் நடுவில் தையல் டேப் வைத்து அளக்காமல் யாருக்கும் கட்டுவதில்லை. சின்னப் பட்டைக்குத் தனியாக 650 ரூபாய் அழ வேண்டியிருந்தது.

பெட்டிக்குள் இருக்கும் குறிப்பில் தமிழ் ஒரு வரி இல்லை, அதுவும் எரிச்சல். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பார்க்கும்போது பேசக் கூடாது, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீயோ புகையிலையோ கூடாது என்பதையெல்லாம் நாங்களே அட்டையில் எழுதி ஒட்டினோம். வந்தவுடன் டீ கொடுப்பது ஊர் மரியாதை, அதை பிரஷர் பார்த்து முடித்த பிறகு என்று மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது!

மெமரி இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். நாற்பது பேருக்குப் பார்க்கிற இடத்தில் யாருடைய எண் எது என்று தெரியாத மெமரியால் என்ன பயன், நோட்டுதான் கதி. 140/90 தாண்டினால் சீட்டு எழுதிக் கொடுத்து வேறொரு நாள் மறுபடி பார்க்கச் சொல்கிறோம், ஒரு நாள் எண்ணை வைத்து யாருக்கும் பிரஷர் என்று முத்திரை குத்துவதில்லை. 180/110 என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். நோய் உறுதியானவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, அதனால் எங்கள் வேலை அவர்களைக் கண்டுபிடித்து அனுப்புவது மட்டும்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கை அளவு பொருந்தினால் தாராளமாக வாங்கலாம். கேம்புக்கு என்றால், கடைக்காரரிடம் சின்னப் பட்டையும் பெரிய பட்டையும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள், இல்லை என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.