ஆப்ஸ்லி ஹவுஸ், லண்டன்: தளபதி நிறைய, பிரதமர் கொஞ்சம்

ஹைட் பார்க் கார்னர் சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வெலிங்டன் பிரபுவின் வீடான ஆப்ஸ்லி ஹவுஸ் பக்கத்திலேயே. வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்த தளபதி, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமர், இவர்தான். நடுத்திட்டில் தெரியும் வளைவு வேறு, வீடு வேறு. வீடு பிக்காடில்லி சாலையின் வடக்கு ஓரம். நடத்துவது பழைய சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு. குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறைவு, அதனால் அவர்கள் தளத்தில் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும்.

மாடிப்படியடியில் நிற்பது நெப்போலியன், அதுவும் அம்மணமாக, ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரத்தில். இத்தாலியச் சிற்பி கனோவா செதுக்கிய இந்தச் சிலை நெப்போலியனுக்கே பிடிக்காமல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மூலையில் கிடந்தது. 1816இல் பிரிட்டிஷ் அரசு 66,000 பிராங்குக்கு வாங்க, மன்னருக்குப் பதிலாக ஆட்சியை நடத்திய ரீஜெண்ட் இளவரசர் அதை வெலிங்டனுக்குக் கொடுத்துவிட்டார். பாரம் தாங்க அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கீழேயிருந்து அண்ணாந்தால் முகம் சரியாகத் தெரியாது. பாதிப் படி ஏறித் திரும்பிப் பாருங்கள்.

காசுக்கு ஈடு வாட்டர்லூ கேலரிதான். நீளம் 90 அடி. சுவருக்கு மஞ்சள் பட்டுதான் வேண்டும் என்று பிரபு பிடிவாதம் பிடித்தார். இப்போது இருப்பது சிவப்பு, படங்களுக்கு அதுவே மேல். இரவில் ஜன்னல்களை மூட, பக்கவாட்டிலிருந்து இழுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகள் உண்டு. இங்குள்ள ஸ்பெயின் அரச ஓவியங்கள் 1813இல் ஸ்பெயினில் நடந்த வித்தோரியா போரில் பிரெஞ்சுத் தரப்பிடமிருந்து பிடிபட்டவை. திருப்பித் தருகிறேன் என்றார் வெலிங்டன், வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஸ்பெயின் மன்னர். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸின் தண்ணீர்க்காரன் படத்துக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மண்ஜாடியின் வயிற்றில் துளித்துளியாக வழியும் நீரையும், வாசனைக்காகக் கிளாஸுக்குள் போட்ட அத்திப்பழத்தையும் கிட்டப் போய்த்தான் பார்க்க முடியும். இன்னொரு ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த குதிரை வீரர் படத்தில் வெலிங்டனின் தலை உடம்போடு ஒட்டாமல் நிற்கும். எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் வேறொருவர் இருந்தார்.

பீங்கான், வெள்ளி அறையில் சீக்கிரம் அலுப்புத் தட்டும். நெப்போலியனின் முன்னாள் மனைவி ஜோசஃபின் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய, எகிப்தியக் காட்சிகள் கொண்ட பிரான்சின் செவ்ரே பீங்கான் செட்டைப் பார்த்தால் போதும். இந்தியப் போர்க்காலத்தின் நினைவாக, தக்காணத்தில் அவருக்குக் கீழ் இருந்த அதிகாரிகள் கொடுத்த வெள்ளிச் சாமான்களும் அங்கேதான்.

குறை எங்கே என்றால், 1828இல் பிரதமரான மனிதரை இந்த வீட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1829இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தைத் திறந்துவிடும் சட்டத்தைத் தன் கட்சிக்காரர்களையே பகைத்து நிறைவேற்றினார். அதற்காக, சட்டத்தை எதிர்த்த வின்சல்சி பிரபுவோடு லண்டனின் பேட்டர்சியில் துப்பாக்கிச் சண்டைக்கே போனார். அடுத்த ஆண்டு நவம்பர் 2இல், தேர்தல் முறையில் எந்தத் திருத்தமும் தேவையில்லை என்று பிரபுக்கள் சபையில் சொன்னார். இரண்டு வாரத்தில் ஆட்சி போயிற்று. வாளுக்கும் தட்டுக்கும் கொடுத்த இடத்தில் கால்வாசியாவது இதற்குக் கொடுத்திருக்கலாம். இந்தக் கதையைப் படித்துவிட்டுப் போகாவிட்டால், போர்ப் பரிசுகளின் கிடங்கைப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

உள்ளே நுழையுமுன் தெருவில் நின்று ஜன்னல்களை ஒரு முறை பாருங்கள். 1831 ஏப்ரலில் சீர்திருத்தம் கேட்ட கூட்டம் கல்லெறிந்து உடைத்தது. வெலிங்டனின் மனைவி கிட்டி இறந்து மூன்றே நாள், உடல் வீட்டுக்குள் இருந்தது. அக்டோபரில் மறுபடியும் கல். அப்புறம் வெலிங்டன் ஜன்னல்களுக்கு இரும்புக் கதவுகள் போட்டார். 1852இல் அவர் இறந்த பிறகு மகன் அவற்றைக் கழற்றிவிட்டார்.